பிரேக் இல்லாத பைக், மேடு பள்ளமான டிராக்: பிரிட்டிஷ் ஸ்பீட்வே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஸ்பீட்வே ரேஸுக்கு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனால், முதல் ரேஸ் முடிவதற்குள் பத்துக் கேள்வி வந்துவிடும். அதில் ஏழெட்டு ஒரே கேள்விதான், வார்த்தைதான் வேறு: "இவங்கெல்லாம் முழுசா வீடு போய்ச் சேருவாங்களா?" பைக், டிராக், பாதுகாப்பு மூன்றையும் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்பீட்வே என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடதுபக்கமாகவே வளையும் முட்டை வடிவ மண் டிராக். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ரேஸ் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். அணிக்கு ஏழு பேர், ஒரு மாலைக்கு 15 ரேஸ். உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீல ஹெல்மெட். வந்த அணிக்கு வெள்ளை, மஞ்சள்.

விளையாட்டு வந்த வழி ஆஸ்திரேலியா. பிரிட்டனில் அதன் பிறந்தநாளாகப் பலரும் சொல்வது 1928 பிப்ரவரி 19. இடம், லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் ஹை பீச். 1981 உலக இறுதிப் போட்டிக்கு வெம்ப்ளி ஸ்டேடியத்தில் 90,000 பேருக்கு மேல் திரண்டார்கள். இன்று ஒரு சாதாரண லீக் மாலைக்குச் சில ஆயிரம் பேர் வந்தாலே நிர்வாகிகள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மேலே பிரிமியர்ஷிப், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், புதியவர்களுக்கு நேஷனல் டெவலப்மென்ட் லீக் என்று மூன்று அடுக்கு.

பைக்கில் நிஜமாகவே பிரேக் இல்லையா?

இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கியர் மாற்றவும் வழியில்லை, ஒரே கியர்தான். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால். குறைந்தபட்ச எடை 77 கிலோதான், அதாவது நம் ஊர் ஸ்கூட்டர் பலவற்றைவிட லேசு. ஆனால் சக்தி ஒரு சிறிய கார் அளவுக்கு. கிளட்சை விட்ட கணத்தில் முன்சக்கரம் மேலே எழும்பப் பார்க்கும். ரைடர் கைப்பிடிமேல் குப்புறப் படுத்துக்கொண்டு அதை அமுக்குவார்.

வேகத்தைக் குறைப்பது சறுக்கல்தான். வளைவுக்கு முன்னாலேயே பின்சக்கரத்தை வெளியே தள்ளிவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு போட்ட இடது காலை மண்ணில் உரசிக்கொண்டு சுற்றுவார்கள். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு முழம் இடைவெளியில் நான்கு பேர் போகும்போது, முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? யாருக்கும் பிரேக் இல்லை என்பதால் யாரும் திடீரென்று நிற்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பிரேக் இல்லாததுதான் பெரிய ஆபத்து என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். என் பார்வையில் ஆபத்துப் பட்டியலில் அது ரொம்பக் கீழே.

அந்தப் பைக்குகளை கிளப் வாங்கிக் கொடுக்குமா?

பெரும்பாலும் இல்லை. கேட்கிறவர்கள் நம்பவே மாட்டார்கள். ரைடர் என்பவர் சம்பள ஊழியர் இல்லை, சொந்தத் தொழில் செய்பவர். பைக், உதிரிப் பாகம், வேன், டீசல், மெக்கானிக் கூலி, இன்ஜினைச் செதுக்கிக் கொடுக்கும் ட்யூனரின் பில் எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்பான்சர்கள் கொஞ்சம் தாங்குவார்கள். அவர் உடையில் உள்ளூர் கூரைக்காரர், பிளம்பர், பழைய கார் வியாபாரி பெயரெல்லாம் இருப்பது அதனால்தான். வருமானம் எடுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். ஓடாத நாளுக்குக் காசு இல்லை. பாதுகாப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து முட்டும், கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த இன்ஜின் வைத்திருப்பவருக்கும் மற்றவருக்கும் அவ்வளவு வித்தியாசமா?

இன்ஜின் தயாரிப்பாளர்கள் ரொம்பச் சிலர்தான். ஒரு காலத்தில் பிரிட்டனின் ஜாப், பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா, பிரிட்டனின் வெஸ்லேக். இப்போது பெரும்பாலும் இத்தாலியின் ஜிஎம். எல்லாரும் வாங்குவது ஏறக்குறைய ஒரே பொருள். வித்தியாசம் ட்யூனர் கையில் இருக்கிறது. வால்வு, கேம், போர்ட் எல்லாவற்றையும் அவரவர் ரகசியப்படி சீவிச் செதுக்கிக் கொடுப்பார்கள். நல்ல ட்யூனரின் வரிசையில் இடம் கிடைப்பதே பெரிய பாடு.

ஆனால் சக்தி கூடக்கூட நல்லது என்பதில்லை. பெரிய அகலமான டிராக்குக்காகச் செதுக்கிய இன்ஜினைக் குறுகிய வழுக்கலான டிராக்கில் கொண்டுவந்தால், பின்சக்கரம் சும்மா சுழன்று மண்ணைக் கிளறும், முன்னேறாது. பைக்குகளைச் சரிபார்க்கும் இடமான பிட்ஸில் இரண்டு ரேஸுக்கு நடுவே மெக்கானிக் செய்வதைப் பார்த்தால் புரியும். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கர ஸ்பிராக்கெட்டைக் கழற்றி, பல் எண்ணிக்கை ஒன்று கூடவோ குறையவோ உள்ள வேறொன்றைப் பூட்டுவார். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார். கிளட்ச் தட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார். பின்டயரின் கட்டைகளுடைய முனை மழுங்கியிருந்தால், டயரைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பி மாட்டுவார். கூரான பக்கம் மண்ணைப் பிடிக்கும். கையில் பணம் உள்ளவர் புது டயர் போடுவார், இல்லாதவர் திருப்பிப் போடுவார்.

கருவிக் கோளாறால் விபத்து வருமா?

வரும். செயின் அறுந்தால், இன்ஜின் திடீரென்று இறுகினால், பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க இடமிருக்காது. சங்கிலிகளுக்கு மறைப்பு கட்டாயம், கைவிட்டதும் ஆக்ஸிலரேட்டர் தானாக மூடிக்கொள்ள வேண்டும், ரைடர் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டாயம். கயிற்றின் மறுமுனை இக்னிஷனில். ரைடர் தூக்கியெறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் உடனே அணைந்துவிடும். இது இல்லாத காலத்தில் விழுந்த பைக் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதன் பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் வராது.

மெத்தனால் இன்னொரு தனிக் கதை. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. ஆள் எரிகிறார் என்பது அவர் துள்ளுவதைப் பார்த்துத்தான் தெரியும். ஒரே நல்ல விஷயம், அது தண்ணீரோடு கலக்கும். பெட்ரோல் தீயைப் போலில்லாமல் தண்ணீர் ஊற்றியே அணைத்துவிடலாம்.

பாதுகாப்புக்காகவோ சுற்றுப்புறத்துக்காகவோ கொண்டுவந்த மாற்றமே சர்ச்சையானதும் உண்டு. பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மண் தடுப்பானை இன்று யாரும் குறை சொல்வதில்லை. பின்னால் வருகிறவர் முகத்தில் மண் கொட்டுவது குறைந்தது. ஆனால் 2011 வாக்கில் உலக அமைப்பு சத்தத்தைக் குறைக்கப் புது சைலன்சரைக் கட்டாயமாக்கியபோது ரைடர்கள் பலர் கொதித்தார்கள். இன்ஜின் சக்தி சீராக வராமல் திடுமென்று வருகிறது, பைக்கை அடக்க முடியவில்லை என்பது அவர்கள் வாதம். அக்கம்பக்கத்தாரின் சத்தப் புகாரால் மூடப்படும் நிலையில் டிராக்குகள் இருந்ததால், நிர்வாகத் தரப்பிலும் நியாயம் இருந்தது.

சரி, டிராக் எதனால் ஆனது?

பிரிட்டனில் இதை ஷேல் என்பார்கள். களித்தன்மை உள்ள மென்பாறையைப் பொடித்த சரளை, பல இடங்களில் செங்கல் நிறத்தில் இருக்கும். அடியில் இறுகிய அடித்தளம், மேலே சில அங்குலத்துக்கு இந்தச் சரளை. ஐரோப்பாவில் பல இடங்களில் கருங்கல் தூளைப் போடுகிறார்கள். அதற்கும் இதற்கும் ஓட்டும் விதமே மாறும்.

இந்தச் சரளைக்குத் தண்ணீர்தான் உயிர். கம்மியானால் தூசு பறக்கும், மேல்மண் வேலியோரம் போய் ஒதுங்கிவிடும், அடித்தளம் வழவழவென்று தெரியும். கூடினால் சேறு. நம் ஊரில் வாசல் தெளிக்கிறவர்களுக்குத் தெரியும்: எவ்வளவு தெளித்தால் புழுதி அடங்கும், எவ்வளவுக்கு மேல் போனால் சொதசொதக்கும் என்று. அந்தக் கைப்பக்குவம்தான் டிராக் மேனிடம் எதிர்பார்க்கப்படுவது, முந்நூறு மீட்டர் நீளத்துக்கு. வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் கணக்கில் வரும். காலையில் சரியாகத் தெளித்தும், மாலைக் காற்று பலமாக அடித்தால் எல்லாம் வீண்.

"டிராக் மோசம்" என்று ரைடர்கள் புலம்புகிறார்களே, அப்படியென்றால் என்ன?

வழுக்கலான டிராக்கை மோசம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். இல்லை. முழுக்க வழுக்கலாக இருந்தால் ரேஸ் சலிப்பாக இருக்கும், அவ்வளவுதான். முதலில் வளைவை எட்டியவர் ஜெயித்துவிடுவார். முழுக்க ஆழமாக, பிடிப்பாக இருந்தாலும் அனுபவசாலிகள் சமாளிப்பார்கள். பயப்பட வேண்டியது ஒரே வளைவில் இரண்டும் கலந்து கிடக்கும் டிராக்குக்கு.

நடப்பது இதுதான். ரைடர் முழு ஆக்ஸிலரேட்டரில் சறுக்கிக்கொண்டு வளைவுக்குள் வருகிறார். அடியில் வழுக்கல், பின்சக்கரம் வேகமாகச் சுழல்கிறது, பைக் பக்கவாட்டில் போகிறது. திடீரென்று ஈரமான, கட்டியான ஒரு திட்டு. சுழன்றுகொண்டிருந்த பின்சக்கரம் அதில் கவ்விப் பிடிக்கிறது. அந்தக் கணத்தில் சறுக்கல் நின்றுபோகும், முன்சக்கரம் மேலே எழும், பைக் நிமிரும். நிமிர்ந்த பைக் வளையாது, நேராகத்தான் போகும். நேரே இருப்பது வேலி. ரைடர் கைப்பிடியைத் திருப்பிப் பயனில்லை, ஏனென்றால் திருப்ப வேண்டிய சக்கரம் காற்றில் இருக்கிறது. பிரிட்டிஷ் டிராக்குகளில் நான் கண்ணால் பார்த்த மோசமான மோதல்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மற்றவர் தள்ளிவிட்டதால் விழுந்ததைவிட, டிராக் தூக்கியெறிந்து விழுந்ததுதான் அதிகம்.

குழி இன்னொன்று. எல்லாரும் ஒரே கோட்டில் வளைவதால் அந்த இடத்தில் பள்ளம் விழும், அடுத்து மேடு, மறுபடி பள்ளம். ஸ்பீட்வே பைக்கில் பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்குப் போகும்.

1990-களில் படுக்கை வாக்கில் இன்ஜின் வைத்த பைக்குகள் பரவின. அதற்கு முன் செங்குத்தாக இருக்கும். படுக்கை இன்ஜினால் பைக்கின் எடை கீழிறங்கியது, வேகம் கூடியது. ஆனால் குண்டும் குழியுமான டிராக்கில் பழைய பைக் மன்னித்த தவறைப் புதியது மன்னிப்பதில்லை என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

மாலை முழுவதும் டிராக் அப்படியேதான் இருக்குமா?

நாலைந்து ரேஸுக்கு ஒருமுறை டிராக்டர் இறங்கும். வெளியே ஒதுங்கிய மண்ணை உள்ளே இழுத்துச் சமப்படுத்தும், பின்னாலேயே தண்ணீர் வண்டி. ஸ்டார்ட் கோட்டில் ஆட்கள் வாருகோலோடு நிற்பார்கள். அதையும் மீறி, ரேஸ் தொடங்குமுன் ரைடர்கள் தாங்களே பூட்ஸால் தங்கள் இடத்தைக் கிளறி, மண்ணைத் தள்ளி, மிதித்துக் கெட்டியாக்குவார்கள். ரசிகர்கள் இதைத் "தோட்டவேலை" என்று கிண்டல் செய்வார்கள். ஸ்டார்ட்டுக்கு வரச்சொல்லும் இரண்டு நிமிட எச்சரிக்கை மணி அடித்த பிறகும் ஒருவர் பாத்தி கட்டிக்கொண்டிருந்தால் கூட்டம் ஊளையிடும்.

மழை பெய்தால்?

பிரிட்டனில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மழை வரும் என்று தெரிந்தால் ரோலர் விட்டு டிராக்கை இறுக்கி மூடிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாக வழிந்து ஓடும். தப்பித்தால் மறுநாள் மேல்மண்ணைக் கிளறிவிட்டு ஓட்டலாம். ரேஸ் நடுவில் தூறினால் சில நேரம் தொடர்வார்கள், கனத்தால் நிறுத்துவார்கள்.

ஒருமுறை மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய், வாசலில் "ரத்து" பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஊரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முந்தின இரவு மழையில் ஒரு வளைவு மட்டும் வடியவில்லையாம். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு ஒருநாள், வடியாத வளைவில் ஓட்ட விட்ட ரேஸைப் பார்த்தேன். அதன்பின் ரத்துப் பலகையைக் கண்டு கோபப்படுவதில்லை.

டிராக் ஓட்டத் தகுந்ததா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ரெஃப்ரி. அவர் சொல்வதுதான் சட்டம். ரைடர்கள் நடந்து பார்த்துக் கருத்துச் சொல்லலாம், அணி மேலாளர்கள் முறையிடலாம். நடைமுறையில் இது ஒரு இழுபறி. கூட்டம் உள்ளே வந்துவிட்டது, டிக்கெட் காசு வாங்கியாகிவிட்டது, ஓடாவிட்டால் ரைடருக்கே அன்றைய வருமானம் இல்லை. "பரவாயில்லை, ஓட்டிடலாம்" என்று சொல்ல எல்லாருக்கும் காரணம் இருக்கிறது. "வேண்டாம்" என்று சொல்ல ரொம்பத் தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மான்செஸ்டர். பெல்வியூ அணிக்காகக் கட்டிய நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியத்தின் திறப்பு விழா ரேஸ் 2016 மார்ச் 19 அன்று நடக்க வேண்டியது. புத்தம் புதிய ஸ்டேடியம், நிரம்பி வழிந்த கூட்டம். டிராக் பாதுகாப்பாக இல்லை என்று ரேஸையே கைவிட்டார்கள். அவமானம்தான். ஆனால் அன்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால், அந்த அவமானம் மலிவு. இன்று அதே டிராக்கைத்தான் பிரிட்டனிலேயே முந்திச் செல்ல அருமையான டிராக் என்று ரைடர்கள் புகழ்கிறார்கள். உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றாகக் கார்டிஃபில் நடந்துவந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரியும் 2025-ல் அங்கே வந்துவிட்டது.

எல்லா டிராக்கையும் ஒரே மாதிரி தரமாக வைத்தால் என்ன?

ஒன்று, அளவே ஒன்றாக இல்லை. பெல்வியூ 347 மீட்டர், ஷெஃபீல்ட் அதைவிடக் கொஞ்சம் நீளம், இப்போது மூடிவிட்ட வுல்வர்ஹாம்ப்டன் அவற்றைவிட எவ்வளவோ குட்டியாக இருந்தது. இந்த வேறுபாடுதான் விளையாட்டின் ருசி என்பவர்களும் உண்டு.

இன்னொன்று, வீடு வாடகை வீடு. பிரிட்டனில் பல ஸ்பீட்வே அணிகளுக்குச் சொந்த ஸ்டேடியம் கிடையாது. நாய்ப் பந்தய மைதானத்திலோ, ஸ்டாக் கார் ஓடும் இடத்திலோ குடியிருப்பு. வாரத்தில் ஒரு மாலை அவர்களுடையது. மீதி நாளில் அதே இடத்தில் வேறு பந்தயம். வேலியைக் கழற்றி மாட்ட வேண்டும், மற்றவர் விட்டுப்போன குப்பையைப் பொறுக்க வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் வீடு கட்டுபவருக்கு விற்க முடிவு செய்தால் கதை முடிந்தது. கவென்ட்ரியில் 2016-க்குப் பிறகு ரேஸ் இல்லை. ஸ்விண்டனில் 2019 கடைசி. வுல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ இரண்டும் 2023 முடிவில் போயின. முன்பே மூடியிருந்த ஆக்ஸ்ஃபோர்ட் 2022-ல் திரும்பி வந்தது. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத இடத்தில் அடித்தளத்தைத் தோண்டி வடிகால் போட யார் காசு இறக்குவார்கள்? மேலே நாலு லோடு ஷேல் கொட்டிச் சமாளிப்பார்கள். டிராக் தரம் பற்றிய புகாரில் பாதி, குத்தகைப் பத்திரம் பற்றிய புகார்தான்.

வேலி எப்படி இருக்கும்? மோதினால் தாங்குமா?

வேலி தாங்கும், ஆள் தாங்குவாரா என்பதுதான் விஷயம். முன்பு பலகை, கம்பிவலை. எக்ஸிட்டரின் கவுன்ட்டி கிரவுண்டில் முழுக்க இரும்புத் தகடு. 2005-ல் மூடும்வரை அங்கே ஓட்டப் போகிற வெளியூர் ரைடர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

இப்போது வளைவுகளில் ஏர் ஃபென்ஸ். காற்றடைத்த தடித்த மெத்தைகளை வரிசையாகக் கோத்த மாதிரி இருக்கும். மோதியவரின் வேகத்தை ஒரே கணத்தில் நிறுத்தாமல் அமுங்கி வாங்கிக்கொள்ளும். இந்த விளையாட்டில் நான் பார்த்த பாதுகாப்பு மாற்றங்களில் இதற்கு ஈடு இல்லை. எலும்பு நொறுங்கியிருக்க வேண்டிய மோதலில் ஆள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நடப்பதை ஏர் ஃபென்ஸ் வந்த பிறகுதான் பார்க்க முடிந்தது.

ஆனால் மந்திரம் இல்லை. பைக்கின் கால்வைப்பு குத்தினால் கிழியும். ஒட்டி, காற்றடித்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். இரண்டு மெத்தை சேரும் இடுக்கு பலவீனம். தரையோடு சரியாகப் பொருந்தாவிட்டால், சறுக்கி வரும் ஆள் அடியில் புகுந்து பின்னாலிருக்கும் கெட்டியான வேலியில் போய் இடிப்பார். நேர்ப்பாதைகளில் பெரும்பாலும் மெத்தையே கிடையாது. விலையும் அதிகம். சில ஊர்களில் ரசிகர்களே வாளி ஏந்திக் காசு சேர்த்திருக்கிறார்கள்.

ரைடர் உடம்பில் என்னென்ன போட்டிருப்பார்?

கெவ்லார் உடை, உள்ளே முதுகுக் கவசம், பலர் மார்புக் கவசமும் கழுத்துப் பட்டையும், ஹெல்மெட், கிழித்து எறியும் ஏடுகள் ஒட்டிய கண்ணாடி, கையுறை, இடது காலில் இரும்புக் காலணி. இரும்புக் காலணியை அவரவர் காலுக்கு அளந்து அடிப்பார்கள். நடக்கும்போது டக் டக் என்று ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரும். பிட்ஸில் கண்ணை மூடிக்கொண்டே ரைடர் வருகிறாரா மெக்கானிக் வருகிறாரா என்று சொல்லிவிடலாம்.

ரேஸில் எந்த இடம் ரொம்ப ஆபத்து?

முதல் சுற்றின் முதல் வளைவு. நான்கு பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு, முழு வேகத்தில் வருவது அங்கே மட்டும்தான். ஒருவர் முன்சக்கரம் இன்னொருவர் பின்சக்கரத்தில் பட்டால் போதும். யார் மீதும் தெளிவான தப்பு இல்லை என்று ரெஃப்ரிக்குத் தோன்றினால் நான்கு பேரையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ஓட விடுவார். மற்றபடி, ரேஸ் நிற்கக் காரணமானவர் வெளியே. மீதிப் பேர் மறுபடி ஓடுவார்கள். விழுந்த ஆள் எழ முடிந்தால் ஓடிவந்து டிராக்கை விட்டு ஒதுங்குவதும் இதனால்தான்: அவர் கிடந்தால் சிவப்பு விளக்கு எரியும், எரிந்தால் வெளியேறப்போவது அவராகவும் இருக்கலாம். அடிபட்டவர் தவழ்ந்து போவதைப் பார்க்க எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

விழுந்தால் மருத்துவ உதவி?

ஆம்புலன்ஸும் மருத்துவக் குழுவும் இல்லாமல் ரேஸ் தொடங்காது. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு வண்டி மருத்துவமனைக்குப் போய்விட்டால், மாற்று வரும்வரை ரேஸ் காத்திருக்க வேண்டியதுதான். புதிதாக வருகிறவர்கள் "ஏன் சும்மா நிக்கிறாங்க?" என்று கேட்கும் நேரங்களில் பாதி இதுதான்.

இறந்திருக்கிறார்களா?

ஆம். மான்செஸ்டர் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் பீட்டர் கிரேவன். 1955-லும் 1962-லும் உலக சாம்பியன், பெல்வியூவின் செல்லப்பிள்ளை. 1963 செப்டம்பரில் எடின்பரோவில் ஒரு ரேஸில், முன்னால் விழுந்த ரைடரைத் தவிர்க்கத் திருப்பி, வேலியில் மோதினார். நான்கு நாளில் இறந்தார். அடுத்தவர்மேல் ஏறாமல் இருக்கத் தன்னைக் கொடுத்தார் என்றுதான் அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள்.

1989-ல் பிராட்ஃபோர்டின் ஓட்சல் ஸ்டேடியத்தில் உலக அணிக் கோப்பை இறுதி. நான்கு பேரும் சிக்கிய ஒரு விபத்தில், மூன்று முறை உலக சாம்பியனான டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் படுகாயமடைந்தார். பிழைத்தார், மறுபடி ரேஸ் ஓட்டவில்லை.

பிரிட்டிஷ் ரைடர் லீ ரிச்சர்ட்சன் 2012 மே மாதம் போலந்தின் விராட்ஸ்வாஃபில் லீக் ரேஸில் வேலியில் மோதி இறந்தார். பிரிட்டனில் அப்போது லேக்ஸைட் அணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

போலந்தில் எல்லாம் சிறப்பாக இருக்கிறது என்கிறார்களே?

பணம் அங்கே இருக்கிறது, அதனால் நல்ல ரைடர்களும் அங்கே. ஸ்டேடியங்கள் பல நகராட்சியுடையவை, மழைக்கு முன் டிராக்கையே தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். ஆனால் மேலே சொன்ன ரிச்சர்ட்சன் விபத்து நடந்தது அங்கேதான். ஆஸ்திரேலியாவின் டார்சி வார்ட் 2015-ல் இடுப்புக்குக் கீழே செயலிழந்ததும் போலந்து டிராக்கில்தான். பணம் ஆபத்தைக் குறைக்கும், எடுத்துவிடாது.

அப்புறம் பயணக் களைப்பு. ஒரே வாரத்தில் பிரிட்டன், போலந்து, ஸ்வீடன் என்று மூன்று நாட்டில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ராத்திரி வேனில் தூங்கி, விடிகாலை விமானம் பிடித்து, மாலை ரேஸ். இதை எந்தப் பரிசோதகரும் அளந்து பார்ப்பதில்லை.

காயம்பட்டு உட்கார்ந்தால் வருமானம்?

புள்ளிக்குக் காசு என்பதால், புள்ளி இல்லாதபோது அது நின்றுவிடும். காப்பீடு ஓரளவு தாங்கும். ஸ்பீட்வே ரைடர்ஸ் பெனவலன்ட் ஃபண்ட் என்ற நிதி, காயமடைந்தவர்களுக்கு உதவுகிறது. இடைவேளையில் சுற்றி வரும் வாளிகள் பெரும்பாலும் அதற்குத்தான், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காலர்போன் முறிந்து, தகடு வைத்துத் திருகாணி முடுக்கி, சில வாரத்திலேயே பைக்கில் ஏறுகிறவர்களை வீரர்கள் என்று கூட்டம் கைதட்டும். எத்தனை பேர் வீரத்தால் ஏறுகிறார்கள், எத்தனை பேர் வேன் தவணைக்காக ஏறுகிறார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

என் பையன் கேட்கிறான், அவனை ஓட்ட விடலாமா?

பிரிட்டனில் சிறுவர்கள் 125 சிசியில் தொடங்கி, 250, பிறகு 500 என்று ஏறுவார்கள். 15 வயதில் டெவலப்மென்ட் லீக்குக்கு வந்தவர்கள் உண்டு. பயிற்சி நாள்களுக்குப் போய் முதலில் பாருங்கள். எப்படி ஓட்டுவது என்பதற்கு முன்னால் எப்படி விழுவது என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் கிடைத்தால் அங்கே சேருங்கள். முதல் பைக்கைப் பழையதாகவே வாங்குங்கள், ஆனால் ஹெல்மெட்டையும் முதுகுக் கவசத்தையும் புதிதாக வாங்குங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஏதாவது ஆபத்து உண்டா?

பைக் வேலி தாண்டி வருவது மிக மிக அபூர்வம். மண் வருவது நிச்சயம். மூன்றாவது வளைவு பக்கம் வேலியோரம் நின்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கைப்பிடி ஷேல் தலையில் விழும். பழைய ரசிகர்கள் பைக்குகள் வரும்போது சட்டென்று திரும்பி முதுகைக் காட்டுவார்கள், பர்கரையும் டீயையும் நெஞ்சோடு மூடிக்கொண்டு. புதியவர்கள் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். முதல் நாள் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து தலை குளித்தபோது வாளித் தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி ஓடியது. சட்டையில் மெத்தனாலும் ஆமணக்கு எண்ணெயும் கலந்த அந்த வாடை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. அடுத்த வாரமும் அதையே போட்டுக்கொண்டு போனேன்.